தூங்கும் சிப்புக்குத் தண்டச் சோறு!

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பீங்கான் புதுசில்லை. அந்தக் காலத்து 486 சிப்பும் பீங்கான் ஓட்டுக்குள்தான் குடியிருந்தது. 1989-ல் இன்டெல் விட்டது டிஎக்ஸ். தசமக் கணக்குக்கென்று உள்ளேயே தனிப் பிரிவு. 1991-ல் மலிவு விலையில் எஸ்எக்ஸ். வித்தியாசம்? ஆரம்ப எஸ்எக்ஸில் அதே பிரிவு இருந்தது சார், முடக்கி வைத்திருந்தார்கள்!

இரண்டையும் 25 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் லெட்டர் டைப் அடிக்க ரெண்டும் ஒண்ணுதான். ஆட்டோகேட் 12-ஆவது பதிப்போ எஸ்எக்ஸை வாசப்படியே மிதிக்க விடாது.

'அப்போ 487 வாங்கிச் செருகு' என்றார்கள். அது ஒரு பின் கூடுதலாக வைத்த முழு டிஎக்ஸ்! செருகினதும் எஸ்எக்ஸைத் தூங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும். மலிவென்று வாங்கிய ஆசாமி ரெண்டு சிப்புக்குக் காசு அழுதார். பி.காம். படித்தவனைக் கேட்டால், அந்தத் தூங்குமூஞ்சியை எதில் எழுதுவது? தேய்மானத்திலா, வராக் கடனிலா?