குழி விழுந்த சீட்டும் நிமிர முடியாத இடுப்பும்

லோடு வண்டி ஓட்டுபவர் வண்டியை விட்டு இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கை கதவைப் பிடித்திருக்கும், இன்னொரு கை இடுப்பில் இருக்கும். காலை ஊன்றி முழுதாக நிமிர்வதற்குச் சில நொடிகள் ஆகும். கேட்டால், "வயசாகுதுல்ல சார்" என்பார். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அவர் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்த சீட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2005-இல் டாடா ஏஸ் வந்து, நம் ஊரில் 'குட்டி யானை' என்று பெயர் வாங்கியது. மஹிந்திரா பொலேரோ பிக்கப், ஓசூரில் தயாராகி 2011-இல் வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்த் எனச் சிறு சரக்கு வண்டிகள் இன்று ஒவ்வொரு தெருவிலும் நிற்கின்றன. காய்கறி, தண்ணீர் கேன், வீடு மாறுபவரின் பீரோ, கட்டில் எல்லாம் இவற்றில்தான் போகின்றன. பத்து வருடம் ஓடிய வண்டிக்கு டயர் எத்தனையோ முறை மாறியிருக்கும், கிளட்ச் பிளேட் மாறியிருக்கும். சீட்டு மட்டும் ஷோரூமில் இருந்து வந்ததாகவே இருக்கும். பிரேக் லைனிங் தேய்வதுபோல சீட்டின் ஸ்பாஞ்சும் தேயும். அதுவும் மாற்ற வேண்டிய பாகம்தான்.

உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலானதைத்தான் மிக அதிகமாக வாங்கிக்கொள்கிறது. மேடுபள்ளச் சாலையில் வண்டி கொடுக்கும் குலுக்கலிலும் இந்த அளவு அதிர்வு உண்டு. அதிலும் சரக்கு வண்டியின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் முழு லோடு தாங்குவதற்காகவே விறைப்பாக அமைக்கப்பட்டவை. லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்பில் வந்து இடிப்பது இதனால்தான். ஆண்டுக்கணக்கில் இந்த இடியை வாங்கும் இடுப்பு வட்டுகள் நாளடைவில் சேதமடைகின்றன. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நீண்டகால அதிர்வால் வரும் இடுப்பு வட்டு நோயை ஜெர்மனி 1993-லேயே தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஒரு தொழிலாளியின் உடல் எட்டு மணி நேர வேலையில் வாங்கும் அதிர்வுக்கு எண்ணளவில் வரம்பே வகுத்தது. ஆகவே டிரைவரின் இடுப்பு வலி அவருடைய தலையெழுத்து அல்ல, வேலையிடத்தில் இருந்து வருவது.

சில அறிகுறிகளைத் தள்ளிப் போடவே கூடாது. வலி ஒரு காலில் இறங்கி, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஒன்று. சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு தவறுவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது இன்னொன்று. தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவதும் அப்படித்தான். இவற்றில் எது வந்தாலும் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு "இந்த ட்ரிப் முடியட்டும்" என்று காத்திருந்தால் நரம்பு நிரந்தரமாகப் பழுதாகிவிடலாம்.

சீட்டின் நிலையைத் தெரிந்துகொள்ள மெக்கானிக் தேவையில்லை. நீங்கள் உட்காரும் இடத்தில் முஷ்டியை வைத்து, உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள். கம்பி கையில் தட்டினால் ஸ்பாஞ்சின் ஆயுள் முடிந்துவிட்டது. கதவுப் பக்க ஓரத்தையும் பாருங்கள். ஏறி இறங்கும்போதெல்லாம் எடை அங்கேயே விழுவதால் அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த சீட்டில் இடுப்பெலும்பு சாய்ந்தபடியே நாள் முழுவதும் ஓட்ட வேண்டியிருக்கும். பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸும் இருந்தால் சொல்லவே வேண்டாம். அதைச் சட்டைப் பைக்கு மாற்றுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

குஷன் ஒர்க்ஸ் கடையில் ரெக்ஸினைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்பாஞ்சின் அடிப்பக்கத்தை ஜிக்ஜாக் கம்பிகள் அறுத்து உள்ளே இறங்கியிருக்கும். தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். கம்பியின் கொக்கி ஒன்றிரண்டு ஃபிரேமில் இருந்து கழன்றிருக்கும். இதை அப்படியே விட்டு மேலே புது ஸ்பாஞ்ச் வைத்து மூடினால் அதே கம்பி அதையும் அறுத்துவிடும். முதலில் கம்பியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கம்பிக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் தடித்த சணல் சாக்கோ ஃபெல்ட்டோ விரிக்கச் சொல்லுங்கள்.

கடைக்காரர் "நாற்பது டென்சிட்டி போட்டுத் தர்றேன்" என்பார். ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சின் எடை 40 கிலோ என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அது ஓரளவு சொல்லும், எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதைச் சொல்லாது. அடியில் விறைப்பான ஸ்பாஞ்ச், மேலே மெலிதாக மென்மையான ஸ்பாஞ்ச் என்று இரண்டு அடுக்காகப் போடுவதே நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு நல்லது. மொத்த உயரம் பழைய சீட்டின் அளவைத் தாண்டக் கூடாது. உயரம் கூடினால் தலை கூரையில் இடிக்கும், கிளட்ச்சை முழுதாக மிதிக்கக் கால் எட்டாது.

வீட்டுத் தலையணையைச் சீட்டில் போட்டு உட்காருவதை நிறுத்திவிட வேண்டும். சடன் பிரேக் அடித்தால் தலையணையோடு ஆளும் முன்னால் வழுக்குவார். இடுப்பெலும்பில் படிய வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறி அழுத்தும். முதுகுக்குத் தாங்கல் வேண்டுமானால் ஒரு துண்டைச் சுருட்டி, பேண்ட் பெல்ட் உயரத்தில், நகராதபடி சீட்டின் சாய்மானத்தோடு கட்டிக்கொள்ளுங்கள். டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் எஞ்சினே சீட்டுக்கு அடியில் இருப்பதால் சூடும் அதிர்வும் நேராக மேலே வரும். கம்பெனி வைத்த வெப்பத் தடுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்பாஞ்சைத் திணித்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

குறை முழுவதும் சீட்டில் மட்டும் இருக்காது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, எஞ்சின் மவுண்டிங் ரப்பர் வெடித்திருக்கிறதா, டயரில் அளவுக்கு மேல் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் எவ்வளவு விலையுள்ள குஷன் போட்டாலும் குலுக்கல் குறையாது.

சீட்டில் கைவைத்தால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஸ்பாஞ்ச், உறை, கம்பி மாற்றுவது பழுதுபார்ப்பு, அதற்குத் தடையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பது வேறு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் இதில் அடங்கும். மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். வேறு வண்டியின் சீட்டைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி வெல்டு வைத்துப் பொருத்துவதைச் சட்டத்துக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும் தவிர்க்க வேண்டும். மோதலின்போது சீட்டோடு ஆளைத் தாங்கிப் பிடிப்பது அதை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளும் ரெயிலும்தான்.

காசு கொடுத்துச் செய்த குஷன் சில வாரத்திலேயே அமுங்கிவிட்டால்? பில்லை வைத்திருங்கள். அதில் ஸ்பாஞ்சின் தரம், டென்சிட்டி, வாரண்டி எழுதப்பட்டிருக்க வேண்டும். "இது வியாபார வண்டி, நுகர்வோர் வழக்கு போட முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், அடுத்து 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

சம்பளத்துக்கு ஓட்டுபவரின் நிலைதான் மிகக் கடினம். சீட்டு முதலாளியுடையது, முதுகு இவருடையது. நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் அதன் வரம்புக்குள் வரவில்லை. ஒற்றை வண்டி முதலாளியிடம் ஓட்டும் குட்டி யானை டிரைவர் அப்போதே வெளியில் நின்றார். 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, இந்த டிரைவரின் நிலை மாறவில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்குக் குளிரூட்டப்பட்ட கேபின் கட்டாயமானது. அதுவும் மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டும் வண்டிகளுக்குத்தான். சின்ன வண்டி ஓட்டுபவரின் உடம்பும் அதே வெயிலில்தான் வேகிறது. விதிகளில் அவரையும் சேர்க்கச் சொல்லி ஓட்டுநர் சங்கங்கள் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

அதுவரை டிரைவர் செய்யக்கூடியவை இரண்டு. சீட்டின் பழுதை முதலாளியிடம் வாயால் சொல்லிவிட்டு விடாமல், படம் எடுத்து தேதியோடு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வைப்பது ஒன்று. மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு மூலம் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வது மற்றொன்று. லைசென்ஸ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.