உப்புக்கும் ஒரு ரிஜிஸ்டர்

நம் சங்க மலரில் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சகோதரிகள்தாம். தண்டவாளத்தையும் ஜல்லியையும் தவிர வேறொன்றும் அறியாத நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டி, அவள் சொன்ன இரண்டு திருத்தங்களைச் செய்த பிறகே ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்சி பொன்மலை. அப்பா அங்கே ரயில்வே பணிமனையில் இருந்தார். நான் சிவில் டிப்ளமோ முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். வடக்கே போட்டார்கள். கோந்தியா, டோங்கர்கட், கடைசியில் நாக்பூர் என்று 38 வருடம் தண்டவாளத்தோடேயே போயிற்று. பி.டபிள்யூ.ஐ. வேலை என்றால் பழைய ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். காலையில் டிராலியில் கிளம்பினால் பாதி தூரம் டிராலி, பாதி தூரம் நடை. நாக்பூர் - சிந்த்வாரா குறுகிய பாதையில் (2015-ல் அதை மூடிவிட்டார்கள்) மதியம் மரத்தடியில் உட்கார்ந்தால் கேங்மேன்கள் துணி மூட்டையை அவிழ்ப்பார்கள். சோள மாவில் தட்டிய பாக்ரி, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா, ஒரு வெங்காயம். எனக்கும் இரண்டு பாக்ரி வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் மனைவி வைத்திருக்கும் சோற்றையும் ஒரு கை பார்ப்பேன். எல்லாம் செரித்தது.

2019-ல் ஓய்வு பெற்றேன். நடை நின்றது, பசி நிற்கவில்லை. ஆறே மாதத்தில் வெறும் வயிற்றில் சர்க்கரை 168 என்றார்கள். மாத்திரையோடு டாக்டர் ஒரு தாளும் கொடுத்தார். இந்தியில் அச்சடித்த தாள். இரண்டு புல்கா, ஒரு கட்டோரி தால், ஒரு கட்டோரி சப்ஜி, கொஞ்சம் தஹி, சாலட். அதை வாங்கிப் பார்த்த என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “இதுல சாம்பார் எங்கங்க?”

“அதெல்லாம் இதில் கிடையாது” என்றேன், ஏதோ நானே அந்தத் தாளை எழுதியவன் போல. எங்கள் வீட்டுச் சண்டை அன்றைக்குத் தொடங்கியது.

அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மகன் பெங்களூரில், மகள் புனேயில். நாங்கள் இருவர் மட்டும் நாலு சுவருக்குள். வெளியே இன்ஸ்பெக்ஷனுக்கு ஒன்றுமில்லை, ஆகவே சமையலறைக்குள் போனேன். அங்கே நான் கண்ட குறைகளுக்கு அளவேயில்லை! அப்பளம் பொரித்த எண்ணெயைக் கிண்ணத்தில் மூடி வைத்து மறுநாள் தோசைக்கு விடுகிறாள். ஃபிரிட்ஜில் மூன்று நாள் குழம்பு. எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராகச் சாய்க்கிறாள். ஒரு ரூல்டு நோட்டை வாங்கிக் கட்டம் போட்டு, சமையலறைக் கதவில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். எண்ணெய் பாக்கெட் திறந்த தேதி, தீர்ந்த தேதி; உப்பு, சர்க்கரை, அரிசி அதே மாதிரி. கடைசிக் கட்டம் ‘ரிமார்க்ஸ்’.

மாதம் 3 லிட்டர் எண்ணெய் ஆகிறது என்று முதல் மாதமே கண்டுபிடித்தேன். ஆளுக்கு அரை லிட்டர் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு கிலோ உப்பு 35 நாளில் தீர்ந்தது. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 14 கிராம்! உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. நோட்டைக் கழற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “உருளைக்கிழங்கு வேக வச்ச தண்ணியில உப்புப் போட்டேன், அது எங்க போச்சு? சாக்கடைக்கு. வாழைப்பூவை உப்புத் தண்ணியில ஊற வச்சேன், அது? மாங்கா ஊறுகா போட்டு மகளுக்கு ஒரு ஜாடி அனுப்பினேனே, அதுவும் உங்க கணக்குல நாம தின்னதுதானா?”

நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் ஜல்லிக் கணக்கு கொடுத்த எந்தக் கான்ட்ராக்டரும் இத்தனை சுத்தமாக என்னை மடக்கியதில்லை.

“இன்னொண்ணு. நான் உங்க கேங்மேன் இல்ல” என்றாள்.

அரிசி விஷயத்திலும் அப்படித்தான். தீட்டிய அரிசியில் சத்து போய்விடுகிறது, தவிட்டோடு தயமின் என்ற வைட்டமின் போய் பெரிபெரி நோய் வருகிறது. அதை ஆராயத்தான் 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் ஆராய்ச்சி தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது என்று பிரசங்கம் செய்தேன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி அவள். “எங்க ஆச்சி கைக்குத்தலும் கம்பும்தான் தின்னா. உரலும் உலக்கையும் வாங்கித் தாரேன், குத்துங்க” என்றாள். நான் குதிரைவாலி வாங்கி வந்தேன், அரிசியைப் போல மூன்று பங்கு விலை கொடுத்து. சிறுதானியம்தானே, சர்க்கரை ஏறாது என்ற நினைப்பில் அரிசிச் சோற்றைவிட ஒன்றரை மடங்கு போட்டுக்கொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240. குதிரைவாலியும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும் என்பது குத்திய விரலின் வலியோடு தெரிந்தது. நோட்டில் அன்றைக்கு ரிமார்க்ஸ் எழுதவில்லை.

அப்புறம் ஆவேசம் வந்து சர்க்கரையை வீட்டைவிட்டே ஒழித்தேன். டப்பாவோடு தூக்கி வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டையும் நிறுத்தினேன்: ஒரு வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர். “மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்தோட படுக்காதீங்க, ரெண்டு இட்லியாவது தின்னுங்க” என்று தினமும் சொல்வாள். அது பாசத்தில் சொல்கிற பேச்சு, விஞ்ஞானம் அல்ல என்று நான் ஒதுக்கினேன். மாத்திரைகளில் ஒன்று கிளிமிபிரைடு. கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பது. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

2020 ஆகஸ்டில் ஓர் இரவு, மூன்று மணி இருக்கும். நான் இந்தியில் கேங்கை அதட்டிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பனியன் பிழிகிற அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், யாரோ எவரோ என்று அவளைப் பார்க்கிறேன். அவள் அப்பா சர்க்கரை நோயாளி. இதை அவள் பார்த்திருக்கிறாள். என்னைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தாள். வாய் பேசுகிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்தாள். உள்ளே போய் ஒரு டம்ளரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்து மெதுவாகக் குடிக்க வைத்தாள். குடித்த பின் மெஷினில் பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தாள், 81. இரண்டு இட்லி கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் தின்றேன்.

விடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் சர்க்கரையே கிடையாதே!

அலமாரியில், துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால், ‘வெந்தயம்’ என்று அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். “வர்றவங்களுக்குக் காப்பி கொடுக்க வேணாமா?” என்றாள் என்னைப் பார்க்காமல். ஊரடங்கில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்? அவளுடைய காப்பிக்குத்தான். அந்தக் காப்பிச் சர்க்கரைதான் அன்றைக்கு என்னை எழுப்பி உட்கார வைத்தது.

இதற்காக டாக்டரைப் பார்க்கப் போனோம். மாத்திரையைக் குறைத்தார், இரவு சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்றார். பிறகு, உடன் வந்ததுதான் வந்தீர்கள் என்று என் மனைவியின் பி.பி.யையும் பார்த்தார். 170க்கு 100. மறுபடி பார்த்தார். அதேதான். ஓய்வு பெற்றவர்களின் மருத்துவ அட்டையில் அவள் பெயரும் படமும் என் பெயருக்குக் கீழேயே இருக்கின்றன. நாலு வருடமாக அவளுக்கு ஒரு பரிசோதனையும் செய்யவில்லை.

“ஆப் க்யா காத்தீ ஹைம்?” என்று கேட்டார். என்ன சாப்பிடுகிறீர்கள்?

முப்பது வருடமாகக் கோகுல்பேட் மார்க்கெட்டில் மராத்தியிலும் இந்தியிலும் பேரம் பேசுகிறவள், ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “ஜோ பச்தா ஹை” என்றாள். மிஞ்சுவதை.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டைப் புரட்டினேன். ஐந்து மாதத்துப் பதிவுகள். என் தட்டில் விழுந்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது. எனக்கென்று உப்பில்லாமல் ஒரு கூட்டு, எண்ணெயில்லாமல் ஒரு பொரியல், தனியாக ஒரு ராகி தோசை. இப்படி இரட்டைச் சமையல் செய்துவிட்டு, தனக்கென்று மூன்றாவதாக ஒன்று செய்ய அவளுக்குத் தெம்பிருந்திருக்காது. இரண்டரை மணிக்கு, நான் படுத்த பிறகு, முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு முடித்திருக்கிறாள். ராத்திரியில் நான் வேண்டாம் என்று ஒதுக்கிய இட்லி, அந்த மூன்று நாள் குழம்பு. ‘வீணாப் போகுதே’ என்பது அவள் சொல். வீட்டு உப்பில் பெரும்பங்கு அந்த ஊறுகாயும் அப்பளமுமாக அவளுக்கே போயிருக்கிறது. அவள் என்ன சாப்பிட்டாள் என்று எழுத நான் ஒரு கட்டம்கூடப் போட்டிருக்கவில்லை.

அப்போதும் எனக்குப் புத்தி முழுவதாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்காகச் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். நல்லவேளை, போகிற போக்கில் டாக்டரிடம் சொன்னேன். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பாதியோ காலோ பொட்டாசியம் இருக்கும். அவளுக்குக் கொடுத்திருந்த டெல்மிசார்டன் மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும் வகை. ரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகமும் எப்படி என்று பார்க்காமல் தொடவே கூடாது என்றார். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த மாதிரி உப்புகளுக்கு ஆதரவாக யோசனை சொன்னபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றே சொல்லியிருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. 120 ரூபாய் போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரே பானை. அவள் பி.பி.க்கு எது ஆகுமோ அது என் சர்க்கரைக்கும் ஆகும் என்று கண்டுகொள்ள ஒன்றும் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. உப்பை ஒரேயடியாகக் குறைக்காமல் வாரம் ஒரு சிட்டிகையாகக் குறைத்தாள். எனக்குத் தெரியவேயில்லை, இரண்டு மாதம் கழித்து மகள் வந்து சாப்பிட்டுவிட்டு, “அம்மா, உப்புப் போட மறந்துட்டியா?” என்றபோதுதான் தெரிந்தது. எலுமிச்சையும் மிளகும் கூடியிருக்கின்றன. அப்பளம் சுட்ட அப்பளம். ஞாயிற்றுக்கிழமை கறி உண்டு, குழம்பாக மட்டும். அரை லிட்டர் புட்டியில் திங்கட்கிழமை 250 மில்லி எண்ணெய் ஊற்றி வைக்கிறாள், ஞாயிறு வரை இருவருக்கும் அதுதான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்ற டாக்டர் கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, நோட்டே இல்லாமல். முக்கியமான மாற்றம் வேறு. மதியம் ஒரு மணிக்கு இருவரும் ஒரே நேரத்தில் உட்காருகிறோம். பழைய சோறு மிஞ்சினால் அதை நானும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். மிஞ்சுவது குறைந்துவிட்டது!

சண்டை தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வருடம் ஊரிலிருந்து அவள் தம்பி கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு கிலோ கொண்டு வந்தபோது மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதை வேண்டாம் என்பதா என்பது அவள் வாதம்.

என் தரப்பிலும் ஒரு குற்றம் உண்டு. இதுதான் அவள் சேர்க்கச் சொன்ன திருத்தங்களில் ஒன்று. உடம்புக்காக என்று தினமும் காலையில் அஜனிப் பக்கம் நடக்கப் போகிறவன், திரும்பி வரும்போது தள்ளுவண்டியில் போஹா தின்றுவிட்டு வருவேன். நாக்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; அவலின் மேல் சிவக்கச் சிவக்கத் தர்ரி ஊற்றி, மேலே மிக்ஸர் தூவிக் கொடுப்பார்கள். தர்ரி என்றால் மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதக்கும். அவள் எண்ணெயை நான் ஸ்பூனால் அளந்துகொண்டிருந்த அதே மாதங்களில், ஊரடங்கு தளர்ந்த நாளிலிருந்து, இது நடந்தது. சட்டைப் பையோரம் போகாத செம்மஞ்சள் கறையைப் பார்த்து இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியுமாம். “ஏன் கேக்கல?” என்றேன். “எழுதி வைக்க என்கிட்ட நோட்டு இல்ல” என்றாள்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு இருவரும் சேர்ந்து அந்த வண்டிக்குப் போகிறோம். ஒரு பிளேட்தான், இரண்டு ஸ்பூன். எனக்கு வாய் திறக்க அனுமதியில்லை. “தர்ரி கமீ, மிக்ஸர் நக்கோ” என்று அவள்தான் சொல்வாள். வண்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கரண்டியைப் பாதியில் நிறுத்துகிறார்.