செசான் கண்ட மலை

கணந்தோறும் மாறும் ஒளியைத் தீட்டுவதே மனப்பதிவுவாத ஓவியரின் நோக்கம். அவ்வொளியிலே பொருள்களின் திண்மை கரைந்துவிடலாகாது எனக் கருதினார், பின்மனப்பதிவுவாதத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பிரெஞ்சு ஓவியர் செசான். தம் ஊராகிய எக்ஸ் நகரையடுத்த செந்த் விக்துவார் மலையைப் பல்லாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1902க்கும் 1906க்கும் இடையே தீட்டிய படங்களில் நீலம், பச்சை, காவி நிறத் திட்டுகள் செங்கற்கள்போல் அடுக்கப்பட்டு மலையை எழுப்புகின்றன. 1906 ஒக்டோபரில், வெளியிலே வரைந்துகொண்டிருக்கையில் மழையில் நனைந்து நோயுற்று, சில நாட்களில் மறைந்தார். மறு ஆண்டு பாரிசில் நடைபெற்ற அவரது நினைவுக் கண்காட்சி இளம் ஓவியரை ஈர்த்தது; பிராக்கும் பிக்காசோவும் அவர் வழிநின்று கனவடிவவாதத்தை உருவாக்கினர். ஆதலால் இப்படங்களைக் காணுமிடத்து, மலைபோல் இருக்கின்றதா என வினவாது, வண்ணங்கள் மலையை எவ்வாறு தாங்குகின்றன என்று நோக்குங்கள்.