உங்களுக்குத் தெரியுமா? ‘இன்ட்’ என்று எழுதும் முன்…

பத்து இலக்க செல்போன் எண்ணை ஜாவாவில் ‘இன்ட்’ என்று அறிவித்து நேரடியாக எழுதிப் பாருங்கள். கம்பைலர் ஏற்காது. இன்ட்டுக்குக் கிடைப்பது 32 பிட் இடம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. நம் செல்போன் எண்களோ 6, 7, 8, 9 என்றுதான் தொடங்குகின்றன. ஒன்றுகூட அடங்காது. ‘லாங்’ போட்டால் சரியாகிவிடுமா? வேண்டாம் என்பேன். சென்னையின் எஸ்.டி.டி. கோடு 044-ஐ எண்ணாகச் சேமித்தால் முன்னாலுள்ள பூஜ்ஜியம் போய்விடும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால், ‘ஸ்ட்ரிங்’ என்றே அறிவியுங்கள்.

அதே 214 கோடி வரம்பை ‘கங்னம் ஸ்டைல்’ வீடியோவின் பார்வைகள் தாண்டியதால், கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக 2014 டிசம்பரில் யூடியூப் அறிவித்தது.

இடம் போதாத சிக்கல் ராக்கெட்டுக்கும் வந்தது. 1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு 64 பிட் தசம எண்ணை, 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது வழிகாட்டும் கருவியின் மென்பொருள். 16 பிட்டின் உச்சம் 32,767 தான். ஏரியான் 4-க்காக எழுதிய நிரல் அது. அந்த ராக்கெட்டுக்கு இந்த இடம் போதுமானதாக இருந்தது. புதியதன் வேகம் அதிகம், எண் வழிந்துவிட்டது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் இரண்டுமே செயலிழந்தன. சுமார் 40 விநாடியில் ராக்கெட் சிதறியது. உள்ளிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின. என் மனத்தை இன்றும் உறுத்துவது வேறொன்று: தரையை விட்டுக் கிளம்பிய பிறகு, ஏரியான் 5-ல் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை!

1957-ல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் ‘இன்ட்’ போல வகையை அறிவிக்கவே தேவையில்லை. பெயரின் முதல் எழுத்து ஆங்கில ‘ஐ’ முதல் ‘என்’ வரை இருந்தால் முழு எண், மற்றதெல்லாம் தசம எண். வசதிதான். ஆனால் பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் சத்தமில்லாமல் புது மாறி பிறந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பின்னாளில் ‘இம்ப்ளிசிட் நன்’ என்ற வரி வந்தது.

எண்களை விட்டு எழுத்துக்கு வருவோம். ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் 5 என்னும். மி, ழ் இரண்டிலும் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனிக் குறியீடு. யு.டி.எஃப்-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் மொத்தம் 15. சி மொழியின் ‘கேர்’ வகைக்கு 1 பைட்தான். ‘த’ கூட அதில் அடங்காது. பெயருக்கு 20 பைட் ஒதுக்கிவிட்டு ‘கிருஷ்ணமூர்த்தி’ என்று பதிந்தால், பாதிப் பெயர்கூட ஏறாது. அவருக்கு 45 பைட் வேண்டும். முடிவுக்குறிக்கு இன்னும் ஒன்று.