வெப்பமின் பொருள்களும் சூட்டிறுக்க முறையும்

கோலார் தங்க வயலில், ஆண்டர்சன்பேட்டைக்கு அருகேயுள்ள சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அதன் அடிமட்டங்களில் பாறையின் வெப்பநிலை ஏறக்குறைய 65 டிகிரி சென்டிகிரேடு. தொழிலாளர் அங்கு நின்று வேலை செய்யும் பொருட்டுக் குளிர்ந்த காற்றை மின்விசையால் கீழே செலுத்த வேண்டியிருந்தது. 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. வெப்பத்தை அகற்ற மின்சாரம் செலவிடுவதற்கு மாறாக, அவ்வெப்பத்திலிருந்தே மின்சாரம் பெற இயலுமா என்னும் வினா இங்கு எழுவது இயல்பே.

இயலும் என்பதற்கு அடிப்படையான விளைவை ஸீபெக் என்பார் 1821இல் கண்டார். இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு செப்புக் கம்பியையும் ஓர் இரும்புக் கம்பியையும் இரு முனைகளிலும் முறுக்கி இணைத்து, செப்புக் கம்பியை நடுவே வெட்டி, அவ்விடத்தில் கால்வனாமீட்டரை இணைக்க வேண்டும். ஒரு முனையைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டி நீரிலும் அமிழ்த்தினால் முள் அசையும்.

ஆயினும் இம்மின்சாரம் மிகச் சிறிது. நல்ல வெப்பமின் பொருள் மின்சாரத்தை எளிதிற் கடத்த வேண்டும், வெப்பத்தையோ கடத்தலாகாது. உலோகம் இரண்டையும் கடத்தும். கண்ணாடி இரண்டையும் தடுக்கும். இடைப்பட்ட குறைகடத்திகளுள் பிஸ்மத் டெல்லூரைடு சிறந்தது. ஒரு பொருளின் இத்தகைய சிறப்பைத் ‘தகுதி எண்’ என்னும் அளவால் குறிப்பர்.

பிஸ்மத் டெல்லூரைடை உருக்கி வார்த்த கட்டி, அடுக்கடுக்காக எளிதில் பிளந்துவிடும். ஆதலால் அதனை நுண்தூளாக அரைத்து, அச்சிலிட்டு அழுத்தி, உருகுநிலைக்குக் கீழாகவே சூடேற்றி இறுகச் செய்கின்றனர். இதுவே சின்டரிங் எனப்படும் சூட்டிறுக்கம். இதனால் வலிமை கூடுவதோடு மற்றொரு நன்மையும் உண்டு. எண்ணற்ற நுண்மணிகளின் எல்லைகளில் வெப்ப அதிர்வுகள் சிதறுண்டு தடைபடுகின்றன. மின்னணுக்களோ அவ்வளவு தடைப்படுவதில்லை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்டிமனி கலந்த பிஸ்மத் டெல்லூரைடை இம்முறையில் பக்குவப்படுத்தி, ஏறத்தாழ 1 ஆக இருந்த தகுதி எண்ணை 100 டிகிரி வெப்பநிலையில் 1.4 ஆக உயர்த்தினர்.

பக்குவம் தவறின் பயன் கெடும். சூடு குறைந்தால் துளைகள் எஞ்சி மின்கடத்தல் தாழும். சூடு மிகுந்தால் நுண்மணிகள் பெரிதாக வளர்ந்து வெப்பத்தைக் கடத்தத் தொடங்கும்; டெல்லூரியமும் ஆவியாகிக் குறையும். தூளில் காற்றுப் பட்டால் ஆக்சைடு படியும். அழுத்தியபடியே மின்னோட்டத்தைச் செலுத்திச் சில நிமிடங்களில் இறுக்கும் முறை, நுண்மணிகள் பெரிதாவதைக் குறைக்கிறது.

இனி முதல் வினாவுக்கு வருவோம். 65 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையே எந்த இயந்திரமும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குச் சற்றே மிகுதியாகத்தான் பயன் தர இயலும். தகுதி எண் 1 ஆயின் 100 வாட் வெப்பத்திலிருந்து சுமார் 1.9 வாட் மின்சாரமும், 1.4 ஆயின் சுமார் 2.3 வாட்டும் கிடைக்கும். சுரங்கத்துக்கு ஒளியூட்ட இது போதாது. ஆனால் ஆளில்லா இடத்தில் வெப்பநிலையை அளந்து அறிவிக்கும் ஒரு சிறு கருவியை இயக்கப் போதும். சூட்டிறுக்கத்தால் கிடைக்கும் சிறு ஆதாயமும் புறக்கணிக்கத்தக்கதன்று என்பதற்கு இக்கணக்கே சான்று.