சோமனூருக்குப் பக்கத்தில் ரோமாபுரி மயங்கிய ரத்தினச் சுரங்கம்... தெரியுமா?

சோமனூர் என்றதும் எல்லோர் காதிலும் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். பாவு, ஊடை, காடாத் துணி என்றே நம் பேச்சு ஓடும். ஆனால் இதே கொங்கு மண்ணை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தோண்டி, ரத்தினம் எடுத்து, இரும்பு உருக்கி, கடல் தாண்டி விற்ற மனிதர்கள் இருந்தார்கள் என்பது தெரியுமா? அந்த இடங்களுக்குப் போக விமானம் வேண்டாம், விசா வேண்டாம். திருப்பூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்!

படியூரில் என்ன கிடைத்தது தெரியுமா?

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் படியூர் என்று ஓர் ஊர். எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருப்போம். அங்கேதான் பெரில் என்ற ரத்தினக் கல் கிடைத்தது! கடல் நீர் நிறத்தில், ஆறு பட்டையோடு மண்ணுக்குள் விளையும் கல் அது. மரகதமும் இதே கனிமக் குடும்பம்தான். குரோமியமோ வனேடியமோ துளி கலந்தால் பச்சை மரகதம். இரும்பு கலந்தால் நீலம் ஓடிய கடல்வண்ணக் கல்.

ரோமாபுரிச் சீமாட்டிகள் இந்தக் கல்லுக்குக் கிறங்கிப் போனார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி என்ற ரோமானிய அறிஞர், பெரில் கல் இந்தியாவில்தான் விளைகிறது, வேறு இடங்களில் கிடைப்பது அரிது என்று எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பியவரும் அவரே!

வெள்ளைக்காரர்களும் இங்கே தோண்டினார்கள், தெரியுமா?

1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் தோண்டி 2,196 கற்களை எடுத்தார். இந்தச் செய்தியை 1876இல் வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓர் ஆய்விதழில் பதிவு செய்தார். பிளினிக்கும் ஹீத்துக்கும் நடுவே சுமார் 1,750 ஆண்டுகள். அத்தனை காலம் கழித்தும் அந்த மண் கல்லைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது!

படியூர்க் கல்லுக்கும் விண்வெளிக்கும் என்ன தொடர்பு?

பெரில் கல்லுக்குள் ஒளிந்திருக்கும் தனிமம் பெரிலியம். 1798இல் வோக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதைக் கண்டுபிடித்தார். 2021 டிசம்பர் 25 அன்று விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இருக்கிறதே, அதன் முதன்மை ஆடியின் 18 துண்டுகளும் பெரிலியத்தால் ஆனவை! அந்த உலோகம் படியூரிலிருந்து போனதல்ல. ஆனால் பிரபஞ்சத்தின் பழைய ஒளியை எட்டிப் பிடிக்கும் தனிமமும், நம் காங்கேயம் சாலையோரத்துக் கல்லுக்குள் உறங்கும் தனிமமும் ஒன்றேதான்.

சிவன்மலைப் பாறைக்குள் என்ன இருக்கிறது?

படியூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிவன்மலை. முருகன் கோயிலுக்கும், பக்தர் கனவில் உத்தரவான பொருளை வைக்கும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்கும் ஊர் உலகமே வரும். மலையடிவாரத்துப் பாறைகளைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? அந்தப் பாறைகளில் குருந்தக்கல் இருக்கிறது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். நீலமும் மாணிக்கமும் குருந்தத்தின் வண்ண வடிவங்கள்! 1901இல் டி. எச். ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பாறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். இன்றும் புவியியல் மாணவர்கள் சுத்தியலோடு வந்து நிற்கும் மலை இது.

தோண்டிய கல்லெல்லாம் எங்கே போனது?

கொடுமணலுக்கு! நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கும் சிற்றூர். சங்க இலக்கியமான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊர் இதுவே என்பது அறிஞர்களின் கருத்து. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தார்கள். பிறகு பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அகழ்ந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறையும் அகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் மண் வியப்பைத்தான் அள்ளிக் கொடுத்தது.

படியூர் பெரில், சிவன்மலை நீலம், வெங்கமேட்டுப் படிகக்கல், சென்னிமலை இரும்புத் தாது என்று சுற்றுவட்டாரச் சுரங்கப் பொருள்கள் எல்லாம் இந்த ஒரே ஊரில் வந்து குவிந்தன என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பட்டை தீட்டாத கல், பாதி துளையிட்ட மணி, முழுதாக முடிந்த மணி என எல்லா நிலையிலும் கற்கள் கிடைத்திருக்கின்றன. கல்லை அறுத்து, தேய்த்து, துளைபோட்டு, மெருகேற்றிய பட்டறைகள் வரிசையாக இயங்கிய தொழில் நகரம் அது! திருப்பூருக்கு முன்னரே நொய்யல் கரையில் ஓர் ஏற்றுமதி நகரம் இருந்தது.

நெஞ்சை அள்ளும் சில கண்டெடுப்புகள்...

ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள்! கல் பதித்த உலோகப் புலி ஒன்று! ஆப்கானிஸ்தானத்து மலைகளில் விளையும் நீலக் கல்லான லாபிஸ் லசுலியும் இங்கே வந்திருக்கிறது! மண்ணுக்குள்ளே இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் எஃகு காய்ச்சிய தடயங்களும் கிடைத்தன. துருத்திக் குழாய்த் துண்டுகளும் இரும்புக் கசடும் அவற்றோடு கிடந்தன.

பானை ஓடுகளில் தமிழி எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆட்பெயர்கள். அரசன் வெட்டிய கல்வெட்டல்ல. தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்த சாதாரண மனிதர்களின் கையெழுத்து! காலக்கணிப்பு கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது.

சோமனூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய செய்தி இனிமேல்தான். அதே கொடுமணலில் நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டுகளும் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் பஞ்சும் நூலும் நேற்று வந்த தொழில் அல்ல!

ரோமானியக் காசு எங்கே கொட்டிக் கிடந்தது?

கோவையை ஒட்டிய வெள்ளலூரில்! 1842இல் அங்கே ஒரே புதையலில் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதன் பிறகும் புதையல்கள் வந்தன. மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஏறி, நொய்யல் ஓரமாகவே கரூருக்குப் போன வணிகப் பாதை நம் ஊர்ப் பக்கமாகத்தான் சென்றது. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழி என்று பெயர் பொறித்த வட்டெழுத்துக் கல்வெட்டு இன்றும் நிற்கிறது.

தங்க வேட்டை நடந்த காடு தெரியுமா?

வடமேற்கே மலையேறினால் நீலகிரியின் கூடலூரைத் தாண்டி தேவாலாவும் பந்தலூரும் வரும். 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே தங்கம் இருக்கிறது என்று லண்டனே அலறியது! முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முளைத்தன. 40 லட்சம் பவுண்டுக்கு மேல் முதலீடு அறிவிக்கப்பட்டது. இயந்திரங்கள் மலையேறின. சில ஆண்டுகளிலேயே எல்லாம் சரிந்தது. பாறையில் தங்கம் இருந்தது. செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவில் இல்லை. இன்று தேயிலைத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் நடுவே பழைய சுரங்க வாய்கள் திறந்து கிடக்கின்றன. அவற்றுக்குள் ஒருபோதும் நுழையாதீர்கள்! திருட்டுத்தனமாகத் தோண்டப் போனவர்கள் மண் சரிந்து இறந்திருக்கிறார்கள். ஊசிமலையிலும் தவளைமலையிலும் நின்று அந்தப் பள்ளத்தாக்கைப் பார்ப்பதே போதுமான சாகசம்.

மூடிய சுரங்கங்களை அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் அப்பலாச்சிய மலைகள் நிலக்கரிக்குப் பேர்போனவை. 1921இல் பிளேர் மலையில் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக ஆயுதம் ஏந்திய மண் அது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அவர்கள் ஊரைக் கைவிடவில்லை. பெக்லி நகரில் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் பார்வையாளர்களைத் சுரங்க ரயிலில் ஏற்றிப் போகிறார்கள். வழிகாட்டிகள் யார் தெரியுமா? அதே தொழிலில் வாழ்ந்து ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளர்கள்! நிலக்கரி வெட்டிய நியூ ரிவர் பள்ளத்தாக்கு 2020 டிசம்பரில் தேசியப் பூங்கா ஆனது. அங்கே 876 அடி உயரப் பாலத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு நாள் பாராசூட்டோடு குதிக்கிறார்கள். ஆற்றில் படகு விடுகிறார்கள். வரலாறும் சாகசமும் சேர்ந்து ஊருக்குச் சோறு போடுகின்றன.

நம்மிடம் என்ன குறை? ஏறுவதற்குச் சென்னிமலையில் 1,320 படிகள் இருக்கின்றன. நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரியில் ஏழு மலைகள் இருக்கின்றன. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை அனுமதியோடு ஏறலாம். சோமனூருக்குப் பக்கத்திலேயே சாமளாபுரம் குளம் இருக்கிறது, பறவை பார்க்க. அவர்களுடைய சுரங்கங்களுக்கு வயது நூறு, நூற்றைம்பது. நம்முடையவற்றுக்கு இரண்டாயிரம்!

காயமும் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்

கொடுமணல் வரை போனால் அருகிலுள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் பாருங்கள். 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய அணை. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொழில் ஒரு மண்ணுக்கு என்ன கொடுக்கும், என்ன பறிக்கும் என்பதை ஒரே நாளில் இரண்டு இடங்களில் நேரில் கற்கலாம்.

போகிறீர்களா? இதை மட்டும் மறக்காதீர்கள்

கோடையைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் போங்கள். தொப்பியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். கொடுமணலில் பல ஈமச்சின்னங்கள் விவசாயிகளின் காட்டுக்குள்ளே இருக்கின்றன. கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கல்மணி ஒன்று காலில் தட்டினாலும், எழுத்துள்ள ஓடு ஒன்று கண்ணில் பட்டாலும், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். படம் எடுத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தொல்லியல் துறைக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள். இடம் பெயர்ந்த மணி வெறும் கல். கிடந்த இடத்தோடு இருக்கும் மணி வரலாறு.

பள்ளிக்கூடங்கள் சுற்றுலா என்றாலே கேளிக்கைப் பூங்காவுக்குப் பேருந்து பிடிக்கின்றன. அடுத்த முறை ஒரு பேருந்தைப் படியூர், சிவன்மலை, கொடுமணல் பக்கம் திருப்புங்கள். அந்தந்த ஊர் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்க அரசிடம் கேளுங்கள். தம் பாட்டன் காலத்துச் சுரங்கத்தை உலகுக்குக் காட்டி அப்பலாச்சியா பிழைக்கிறது. நம் பாட்டனுக்கும் பாட்டன் உருக்கிய எஃகும் பட்டை தீட்டிய கல்லும் வாசலிலேயே கிடக்கின்றன. முதலில் நாம் போய்ப் பார்ப்போம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு!