மீட்பும் மீட்சியும்

'மீள்' என்னும் வினையடியினின்று தமிழில் இரு பெயர்கள் பிறக்கின்றன. ஒன்று மீட்பு, மற்றொன்று மீட்சி. இடரில் வீழ்ந்த ஒருவரைப் பிறர் வெளிக்கொணர்வது மீட்பு. வீழ்ந்தவர் தாமே தம் நிலைக்குத் திரும்பி வருவது மீட்சி. முன்னது பிறவினையைச் சார்ந்தது. பின்னது தன்வினையைச் சார்ந்தது. இலக்கணம் காட்டும் இவ்வேறுபாடு வகுப்பறையோடு நின்றுவிடுவதன்று. ஆள் வணிகத்தில் அகப்பட்டோர்க்கு அரசு செய்வது யாது, சமூகம் செய்ய வேண்டுவது யாது என்பதைத் தெளிவாக்குவதும் இவ்வேறுபாடே.

மீட்டல் என்னும் சொல் நம் வீடுகளில் மிகுதியாக வழங்குவது அடகு நகையைப் பற்றியே ஆகும். நகையை மீட்பவர் முதலில் கடனைத் தீர்க்கிறார். பின்னரே நகை கைக்கு வருகிறது. ஆளை மீட்குமிடத்து நடப்பதோ வேறு. ஆள் வெளியே வந்துவிடுகிறார். கடன் அப்படியே நிற்கிறது. கடன் நிற்கும்வரை அவர் மீண்டவர் ஆகார். இவ்வுண்மையை உணராதார் செய்யும் உதவி பாதிவழியிலேயே நின்றுபோகும்.

ஆள் வணிகம் யாது?

ஆள் வணிகம் என்றதும் இரவில் ஒருவரைக் கட்டித் தூக்கிச் செல்லும் காட்சியே பலர் மனத்தில் எழும். உண்மையில் பெரும்பாலோர் தம் காலால் நடந்தே அதனுள் செல்கின்றனர். 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கை, ஆள் வணிகத்திற்கு மூன்று உறுப்புகளைக் கூறுகின்றது. ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லல், தங்கவைத்தல் போன்ற செயல் ஒன்று. அச்சுறுத்தல், வன்முறை, ஏமாற்று, இயலாமையைப் பயன்படுத்திக்கொள்ளல் போன்ற வழி இரண்டு. சுரண்டல் என்னும் நோக்கம் மூன்று. இவ்வழிகளால் பெறப்பட்ட இசைவு இசைவாகாது என்பதும், குழந்தையாயின் வழியைப் பற்றிய ஆராய்ச்சியே வேண்டா என்பதும் அவ்வுடன்படிக்கையின் உயிரான பகுதிகள். 'அவர் விரும்பித்தானே வந்தார்?' என்னும் வினாவுக்கு அஃது அன்றே விடை கூறிவிட்டது.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்பை அடையாளங்காணப் பதினொரு குறிகளை வகுத்துள்ளது. கடனால் பிணித்தல், கூலியை நிறுத்திவைத்தல், அடையாளப் பத்திரங்களைப் பறித்துவைத்தல், நடமாட்டத்தைத் தடுத்தல், பிறரோடு பேசவொட்டாது தனிமைப்படுத்தல், அளவிறந்த நேரம் வேலை வாங்கல் என்பன அவற்றுட் சில. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. இக்குறிகளை ஒரு தோட்டப்புறத்து முதியவரிடம் படித்துக் காட்டினால், அவர் வியப்படைய மாட்டார். 'எங்கள் பாட்டன் சொன்ன கதை இதுதானே' என்பார்.

பழைய கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் தமிழகத்தினின்று ஆள் கொணர்ந்தது ஒப்பந்தக் கூலி முறை. அவர்களைச் சஞ்சிக்கூலிகள் என்று மக்கள் வழங்கினர். கப்பற் கட்டணமும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. அக்கடன் மாதந்தோறும் கூலியில் கழிக்கப்பட்டது. கணக்கு எழுதியவன் முதலாளியின் ஆள். கணக்கைப் படிக்க அறியாதவன் தொழிலாளி. ஆதலின் ஆண்டுகள் கழிந்தும் கடன் கழியாதிருந்தது. அம்முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது.

அதனோடு உடன்வளர்ந்த கங்காணி முறையில் ஆளை அழைத்துவந்தவன் அயலான் அல்லன். அதே ஊரான், சில வேளை உறவினன். ஊரான் என்பதாலேயே அவன் சொல் நம்பப்பட்டது. தலைக்கு இவ்வளவு என அவன் பெற்ற காசு, நம்பிக்கைக்கு இடப்பட்ட விலையாகும். எல்லாக் கங்காணிகளும் கொடியர் அல்லர். தம்மோடு வந்தவர்க்கு நோயிலும் சாவிலும் துணைநின்றவரும் உண்டு. ஆயினும் ஒருவனே உறவினனாகவும், கடன் கொடுத்தவனாகவும், வேலை வாங்குபவனாகவும் இருக்குமிடத்து, எளியவன் முறையிடுவதற்கு வேறிடம் இல்லாது போயிற்று.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இப்பிணிப்பு ஒரு காகிதமாகவே உருக்கொண்டது. தொழிலாளர் கூட்டம் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின், அவர்கள்மீதுள்ள கடன்தொகையை எழுதிய சீட்டு ஒன்று வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். புதிய துரை அக்கடனைக் கட்டினால் கூட்டம் அவருடையதாகும். ஆளுக்கு விலை கூறவில்லை; கடனுக்கே விலை கூறினர். எனினும் கைமாறியது ஆளே. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

மலாயாவில் இதற்கு முன்னரே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடிநுழைவு நிதி என ஒன்று சட்டத்தால் அமைக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிமார் அனைவரும் அந்நிதிக்கு வரி செலுத்தினர். தொழிலாளரின் பயணச் செலவு அதினின்று கொடுக்கப்பட்டது. பயணக் கடன் தொழிலாளியின் தலையில் விழாதிருக்க இது வழிசெய்தது. இரக்கத்தால் பிறந்த ஏற்பாடு அன்று இது. ரப்பருக்கு ஆள் போதாமையால் பிறந்தது. ஆயினும் அதன் அடிப்படை நேரியது: ஆள் வேண்டுவோன் எவனோ, அவனே செலவை ஏற்க வேண்டும். இன்று உலகத் தொழில்துறையினர் புதுக்கொள்கைபோல் பேசும் இம்முறையை இந்நாடு நூறாண்டுக்கு முன்னரே கண்டிருக்கின்றது என்பது நினைக்கத்தக்கது.

ஆசிரியப் பணி துறந்தவர்

விடுதலைக்குப் பின் இந்நாட்டில் காட்சி மாறியது. தோட்டங்களிலும் ஆலைகளிலும் வீடுகளிலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளர், மியன்மார் மக்கள் வேலைக்கு வந்தனர். அவர்களுக்காக முதலில் குரல் எழுப்பியவர்களுள் ஒருவர் ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார். 1946ஆம் ஆண்டு சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவினின்று வந்து ரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தவர்கள். பள்ளி ஆசிரியையாக இருந்த அவர், 1970ஆம் ஆண்டில் அப்பணியை விட்டுத் தொழிலாளர் பணியில் முழுநேரம் ஈடுபட்டார். 1991ஆம் ஆண்டில் 'தெனாகானித்தா' என்னும் அமைப்பை நிறுவினார். பெண்கள் ஆற்றல் என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். தோட்டங்களில் பூச்சிமருந்து தெளித்து நலங்கெட்ட பெண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டதும் அவ்வமைப்பே.

1995ஆம் ஆண்டில் அம்மையார், தடுப்பு முகாம்களில் இருந்து வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றை அறிக்கையாக வெளியிட்டார். பொய்ச்செய்தி வெளியிட்டதாக 1996இல் கைது செய்யப்பட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2003இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டின்மீது 2008 நவம்பரில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். இடையில் 2005ஆம் ஆண்டு, மாற்று நோபல் பரிசு எனப் போற்றப்படும் வாழ்வுரிமைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2014ஆம் ஆண்டு அவர் மறைந்தார். கேட்டறிந்ததை எழுதிய ஒரு செயலுக்கு விலை பதின்மூன்று ஆண்டுகள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெட்டாலிங் ஜெயாவில் 1982ஆம் ஆண்டு தொடங்கிய மகளிர் உதவி அமைப்பும், கொடுமைக்கு ஆளான வீட்டுப் பணிப்பெண்களுக்குத் தன் இல்லத்தில் அடைக்கலம் தந்து வந்துள்ளது. சட்டம் வருமுன்னரே சமூகம் கதவைத் திறந்துவைத்தது என்பதற்கு இவை சான்று.

சட்டம் தந்ததும் தாராததும்

ஆள் வணிகத் தடுப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆள் வணிகத்துக்கு உள்ளானவரை, முறையின்றி நாட்டினுள் வந்தார் என்பதற்காகத் தண்டித்தல் கூடாது என்று அச்சட்டம் கூறிற்று. இது பெரிய நன்மை. ஆனால் மீட்கப்பட்ட அயல்நாட்டார் அரசு இல்லத்தினுள்ளேயே இருந்து, வழக்கில் சாட்சி கூறிய பின் நாடு திரும்ப வேண்டியிருந்தது. வெளியே செல்லவோ, உழைத்துப் பொருள் ஈட்டவோ இடமில்லை.

கடன்பட்டு வந்த ஒரு பெண்ணின் நிலையில் நின்று இதனைக் காண்க. முதலாளி கூலி தரவில்லை. பூட்டிய வீட்டினின்று அதிகாரிகள் அவளை மீட்டனர். மாதக்கணக்கில் இல்லத்தில் இருத்தினர். ஊரில் கடன் கொடுத்தவன் வட்டியை நிறுத்தவில்லை. பிள்ளைகளின் வயிறும் நிற்கவில்லை. அவள் பார்வையில் முந்தைய வீட்டுக்கும் இந்த இல்லத்துக்கும் வேறுபாடு மிகச் சிறிது. 'என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்' என்று அவள் மன்றாடுவது நன்றியின்மையால் அன்று. அவள் மீட்கப்பட்டாள், மீளவில்லை.

தொண்டு அமைப்புகளின் இடைவிடாத வற்புறுத்தலின் பயனாக, 2015இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சில கதவுகளைத் திறந்தது. தகுதியுடையோர் வெளியே சென்றுவரவும் வேலை செய்யவும் இசைவு பெறலாம். நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிடலாம். அரசு சாரா அமைப்பினரும் பாதுகாப்புப் பணியில் அமர்த்தப்படலாம். எனினும், ஏட்டிலுள்ள உரிமை ஒருவர் கைக்கு எட்ட வேண்டுமாயின், அவர் மொழியில் அதனை எடுத்துரைப்பார் வேண்டும். நீதிமன்றத்துக்கு உடன்செல்வார் வேண்டும். ஊரிலுள்ள தாய்க்குச் செய்தி சொல்வார் வேண்டும். இவை சட்டத்தால் ஆவன அல்ல, மனிதரால் ஆவன.

கடன் அவிழ்ந்த இடம்

கடனையே தீர்த்துவைக்க இயலுமா என ஐயுறுவார்க்குக் கிள்ளான் வட்டாரம் ஒரு விடை தந்தது. அங்கு ஆலைகளையுடைய டாப் குளோவ், உலகின் மிகப் பெரிய கையுறை நிறுவனம். அதன் தொழிலாளரிடத்துக் கட்டாய உழைப்பின் குறிகள் உள்ளன என்று கூறி, 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அதன் துணைநிறுவனங்கள் இரண்டின் பொருள்களுக்குத் தடை விதித்தது. வேலைக்காகத் தாய்நாட்டிலேயே முகவரிடம் கட்டிய கட்டணமும், அதனால் ஏறிய கடனும் குற்றச்சாட்டின் நடுநாயகமாக நின்றன. பின்னர் அந்நிறுவனம் தொழிலாளர்க்கு 3 கோடி அமெரிக்க வெள்ளிக்கும் மேற்பட்ட தொகையைக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

தொழிலாளரின் வாக்குமூலங்களைப் பொறுமையோடு திரட்டி உலகறியச் செய்தவர்கள் தொழிலாளர் உரிமைத் தொண்டர்களும் செய்தியாளர்களும் ஆவர். 1907இல் சட்டம் கண்ட அதே நெறியை, ஆள் வேண்டுவோனே செலவை ஏற்க வேண்டும் என்பதை, இந்நிகழ்ச்சி மீண்டும் நிலைநாட்டிற்று.

நம் வாயிலில்

இனிக் கூறுவது சற்றுக் கசப்பானது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் உணவகங்கள், முடிதிருத்தகங்கள், துணிக்கடைகள், நகைப் பட்டறைகள் தமிழகத்து ஆள்களை நாடுகின்றன. அழைப்பவரும் தமிழர், அழைக்கப்படுபவரும் தமிழர். 'அண்ணே' என்றழைக்கும் முறையும் உண்டு. பெரும்பாலான முதலாளிமார் நேர்மையாளர்களே. ஆயினும் சுற்றுலா அனுமதியில் வரவழைத்து, வந்தபின் கடப்பிதழை வாங்கிப் பூட்டிவைத்து, 'வெளியே போனால் பிடித்துவிடுவார்கள்' என அச்சுறுத்துவார் ஒருவர் இருப்பின், அவர் செய்வது ஆள் வணிகமே. மொழி ஒன்றாயிருத்தல் அதனை மாற்றாது. பிறர் கடப்பிதழை உரிமையின்றி வைத்திருத்தல் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும். கங்காணியின் கையிற்பட்டு வந்தோர் வழியினர் இன்று கங்காணியின் இடத்தில் நிற்கலாமா என்பதே வினா.

எதிர்ப்புறமும் உண்டு. 2022ஆம் ஆண்டில் மலேசிய இளைஞர் பலர் கம்போடியாவுக்கும், தமிழக இளைஞர் சிலர் மியன்மாரின் மியாவாடிக்கும் கணினி வேலை என்னும் ஆசைமொழியால் ஈர்க்கப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டனர். எழுத்தறியாமை அவர்களைக் கெடுக்கவில்லை. படித்தும் வேலையின்மையே கெடுத்தது. பள்ளியை விட்டுச் சென்ற மாணவன் எங்குள்ளான் என வினவும் ஆசிரியர், அவ்வினாவினாலேயே ஒரு காவலாகிறார்.

ஸ்ரீ கெம்பாங்கான் நகரம், செர்டாங் பாரு என்னும் பெயரோடு அவசரகாலத்துப் புதுக்கிராமமாகத் தோன்றியது. வேலிக்குள்ளும் ஊரடங்குக்குள்ளும் வாழ்தல் இன்னதென அந்நாளைய புதுக்கிராமத்தார் அறிவர். இன்று அவ்வட்டாரத்துப் பட்டறைகளிலும் வீடுகளிலும் அயலூரார் பலர் உழைக்கின்றனர். காலையில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துவரும் பணிப்பெண்ணை ஆசிரியர் நாள்தோறும் காண்கிறார். அவள் கண் நிமிர்ந்து பேசுகிறாளா? கையில் காயம் உண்டா? ஓய்வுநாள் அவளுக்கு உண்டா? கோயிலுக்கு வரும் உணவகத் தொழிலாளி, பக்கத்தில் ஒருவன் நிற்பதால் வாய் திறவாதிருக்கிறானா? இவற்றைக் காணும் கண் முதலில் வேண்டும்.

கண்டபின் தாமே கதவை உடைக்கப் புகுதல் நன்றன்று. அஃது அகப்பட்டோருக்கே தீங்காகலாம். காவல்துறைக்கோ, தொழிலாளர் இலாகாவுக்கோ, தெனாகானித்தா போன்ற அமைப்புக்கோ அறிவித்தல் வேண்டும். இந்தியக் குடிமகனாயின், இக்கட்டில் வீழ்ந்தோருக்கு உதவ 2009ஆம் ஆண்டு ஏற்பட்ட இந்தியச் சமூக நல நிதி தூதரகத்தில் உண்டு. நாள், இடம், கூலி, கடன் ஆகியவற்றைக் குறித்துவைத்தால் பின்னர் வழக்குக்கு அது துணையாகும்.

மீட்பு ஒரு நாளில் முடிவது; மீட்சிக்கு ஆண்டுகள் ஆகும். வராத கூலி வருவதும், கடன் தீர்வதும், ஊரார் முன் தலைநிமிர்வதும், இரவில் அச்சமின்றி உறங்குவதும் அதன் படிகள். அகப்பட்டவரை ஏமாளி என்று பழியாதிருத்தல் அவற்றுள் முதற்படி. அதற்குப் பொருட்செலவும் இல்லை. மீட்பதற்கு அதிகாரம் படைத்தவர் சிலரே. ஒருவர் மீளும்வரை உடன்நிற்க எல்லோராலும் இயலும்.